ஐந்து மணி ஜெபம்

“நான் எதுக்குச் சிரிச்சேன்னு தெரிஞ்சு ஒனக்கு என்னட்டி ஆகப்போவுது? போய்ப் பல்லை விளக்கு!” என்று பேத்தியை விரட்டினேன். அவள் போனில் ஐந்து மணி அலாரம் அடித்ததும் அம்மா ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

எழுபதுகளில் மூணாறு மலையில் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். தினமும் ஐந்து மணிக்கு அம்மா சில்லிட்ட தரையில் முழங்காலிட்டு, கர்த்தருக்குக் காது மந்தம் என்பதுபோல் கத்தி ஜெபிப்பாள். அப்பா காய்ச்சலில் இறந்த மறுநாள் அந்தச் சத்தம் நின்றது. “இனி கர்த்தர்கிட்ட எனக்குப் பேச்சில்ல” என்று வேதப்புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

நான்காம் நாள் பக்கத்து வீட்டு முத்துமாரி, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து அழாத குறையாகச் சொன்னாள்.

“மதினி, எங்ககிட்ட கடிகாரமா இருக்கு? ஒங்க ஜெபச் சத்தத்துலதான் எந்திரிப்போம். மூணு நாளா பிந்திப்போயி கங்காணி வேலை தரல. நாளைக்கும் பிந்துனா பேரை வெட்டிருவாராம். ஒங்க சாமிகிட்ட சண்டைன்னா, சத்தமாவாவது சண்டை போடுங்க!”

மறுநாள் ஐந்து மணிக்கு அம்மா முழங்காலிட்டுக் கர்த்தரைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். அது எப்போது ஜெபமாக மாறியது என்று பக்கத்தில் படுத்திருந்த எனக்கே தெரியவில்லை.

பிறகு குழாயடியில் பெண்களிடம் சொன்னாள்: “கர்த்தர்கிட்ட ஒரு மாசமாவது கோவிச்சுக்கிட்டு இருக்கலாம்னு பாத்தேன். அதுக்கும் எனக்கு லீவு கெடைக்கல.”