பின்வேலியில் காய்ந்த பாய்

போன வாரம் தம்பி மகனைக் குழந்தைகள் டாக்டரிடம் காட்டக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தோம். தம்பி சிங்கப்பூருக்கு விமானம் ஏறியதிலிருந்து பயல் தினமும் விடிகிறபோது நனைந்து கிடக்கிறான். டாக்டரம்மா சோதனையெல்லாம் பார்த்துவிட்டு, "நோய் ஒண்ணும் இல்லீங்க. இவனுக்குப் புடிச்சவங்க யாராச்சும் ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம்பி மனைவி என்னை முறைத்தாள். அவளுக்கு என்ன தெரியும்? இந்த ஒரு கேள்வியை அந்தக் காலத்தில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், எங்கள் அப்பா மலையில் அத்தனை நாள் சாமைச் சோறு தின்றுகொண்டு கிடந்திருக்க வேண்டாம்.

பஸ்ஸில் திரும்பும்போது பயல் என் மடியில் தூங்கிவிட்டான். அவன் டவுசரில் லேசாக அந்த வாடை. நீங்கள் மூக்கைப் பிடிப்பீர்கள். எனக்கோ அந்த வாடையோடு கோரைப்பாயும் கரும்புத் தோகையும் சேர்ந்தே வரும்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்ட காலம் அது. எனக்கு ஏழு வயது. கோடாலி தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். போலீஸ் ஊருக்குள் வர ஆரம்பித்ததும் ஆம்பளைகள் ஆளுக்கொரு திக்காகப் போய்விட்டார்கள். எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரம். அப்பாவுக்கு மலைமேல் ஒரு சிநேகிதர் இருந்தார். அங்கே போய்விட்டார்.

போகும்போது அம்மாவிடம் ஓர் ஏற்பாடு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் வீட்டின் பின்வேலி கரும்புக் கொல்லையைப் பார்த்தது. இருட்டில் வேலி தெரியாது என்பதால் பகலிலேயே கரும்புக்குள் ஒளிந்து வந்து வேலியைப் பார்ப்பாராம். வேலியில் துணியோ பாயோ தொங்கினால் போலீஸ் இருக்கிறது என்று அர்த்தம், திரும்பிவிடுவார். வெறும் வேலியாக இருந்தால் வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் வாயில் எதுவும் நிற்காது என்று இதை என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. புத்திசாலிகள்!

அப்பா போன மறுநாளே நான் பாயை நனைத்தேன். அதற்கடுத்த நாளும் நனைத்தேன். நின்று போய் வருஷக்கணக்கான வழக்கம் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

"இன்னாடி இது? தம்பியே தேவலாம்போல கீதே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எள்ளுருண்டை கொடுத்தார்கள். அது பிரமாதமாக இருந்தது. நிற்கத்தான் இல்லை.

அம்மா பாயைக் கழுவித் தெருப்பக்கத்து வேலியில் போட்டுவிட்டுக் களை வெட்டப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் என் வகுப்புச் செல்வி நின்று பார்த்துவிட்டு, "இன்னாடி, ஒங்க வூட்ல மட்டும் ராத்திரி மழை பேஞ்சுதா?" என்று கேட்டாள். பிள்ளைகள் ஹோவென்று சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. மறுநாளிலிருந்து அம்மா தலை மறைந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். கரும்பைப் பார்த்து விரித்தேன். கரும்பு யாரிடமும் போய்ச் சொல்லாது. சாயங்காலம் அம்மா வருமுன் எடுத்துவந்து பழையபடி முன்னால் போட்டுவிடுவேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே பெருமை.

இப்படியே நாள் போனது. அம்மா தினமும் ஒரு ஆள் சோறு கூடுதலாக ஆக்கி மூடி வைத்தாள். அப்பா வரவில்லை. அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ என்று அம்மா புலம்பினாள். அதைக் கேட்டுவிட்டுப் படுத்த அன்றைக்குப் பாயில் ஏரியே உடைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுடைய சிநேகிதரின் மனைவி மலையிலிருந்து தேன் விற்க வந்தார். எனக்குக் கொடுத்தால் நிற்கும் என்று அம்மா வாங்கப் போக, அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்க வூட்டுக்காரரு கேக்கச் சொன்னாரு. போலீசு இன்னுமா இங்க குந்திக்கினு இருக்குது?"

"போலீசா? இந்தப் பக்கம் ஒரு நாய்கூட எட்டிப் பாக்கலியே!"

"பின்ன ஏன் தினிக்கும் வேலியில பாய் தொங்குதாம்? அவரும் கரும்பு வரைக்கும் வந்து வந்து திரும்பிக்கினு இருக்காரு."

அம்மா மெல்லத் திரும்பி, கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால் அம்மா சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது.

அப்பா மறுநாள் மத்தியானமே வந்துவிட்டார். தாடியும் தலையுமாக. "ஏம்மா, என்னை மலையில ஏத்தி வச்சது நீதானா?" என்று தூக்கிக்கொண்டார். "நீ இல்லாங்காட்டிதான் பேஞ்சேன்" என்றேன். "நீ பேஞ்சதாலதாண்டி நான் இல்ல!" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு நாலு வீட்டுக்குக் கேட்டது. ஒளிந்திருந்த ஆள் சிரிக்கிற சிரிப்பா அது!

அன்று அவர் பக்கத்தில் படுத்தேன். காலையில் பாய் காய்ந்து கிடந்தது. தேன் வைத்தியம் பலித்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அப்புறமும் மரம் வெட்டிய வழக்கில் அவர் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போன நாள்களில் கொஞ்சம் நனைத்தேன். தேனை மட்டும் விடாமல் சாப்பிட்டேன்.

அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. பின்வேலி இப்போது சுவர். கரும்புக் கொல்லை முழுக்க மனைக்கல் நட்டுவிட்டார்கள். இன்று காலை தம்பி மனைவி பயலின் போர்வையைத் துவைத்து மாடியில் பின்பக்கமாகப் போட்டிருந்தாள். நான் ஓடிப்போய் எடுத்துத் தெருப்பக்கம் போட்டேன். "ஏன் அண்ணி, அங்கதான நல்ல வெயிலு?" என்றாள். என்னவென்று சொல்வது? அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். போர்வையைப் பார்த்துத் திரும்பிப் போக அங்கே யாரும் இல்லை.