எலியின் கட்டளை, மீனின் தலை

மீன் தொட்டி கழுவுவது என்பது, மீன்கள் மறுபடி அழுக்காக்குவதற்கு இடம் சுத்தம் செய்து கொடுக்கிற வேலை. கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது, சத்தியம். ஆனால் இப்போதே தர மாட்டேன். கரண்டுக்குக் காத்திருந்து பழகிய உங்களுக்கு இது பெரிய விஷயமா?

விடியலை நான்தான் போடுவேன்

யுத்த காலம். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த எனக்கு ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து இருட்டோடு இறங்கி, செக்பொயின்டில் பையைக் காட்டி, போய் மீன் தொட்டிகளின் விளக்கைப் போட வேண்டும். விடிந்துவிட்டதென்று நம்பி வரிமீன்கள் முட்டையிடும். ஒருநாள் இதைக் கொட்டாவி விட்டபடி கேட்ட சிப்பாய், என்னைத் தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னார்: "அங்க இன்னொரு வேலை இருந்தா எனக்கும் சொல்லு, மல்லி."

ஒரே தலை

கருவில் பின்மூளை பகுதி பகுதியாகப் பிரிய ஒரு மரபணு வேலை செய்ய வேண்டும். அது எந்த இடத்தில் விழிக்க வேண்டும் என்று கட்டளையிடும் துண்டை எலியிலிருந்து எடுத்து, பச்சையாய் ஒளிரும் மரபணு ஒன்றோடு சேர்த்து, மீன் முட்டைக்குள் ஊசியால் ஏற்றுவார் யாழ்ப்பாணத்துக் கௌரி மிஸ். எலியின் கட்டளை மீனுக்கும் விளங்கினால், மறுநாள் குஞ்சின் தலையில் இரண்டு பச்சைப் பட்டைகள் தெரியும். பரிணாமத்தில் எலியும் மீனும் பிரியுமுன்பே இருந்த கட்டளை அது என்று அர்த்தம். ஆனால் ஒவ்வொரு தடவையும் கரண்ட் போகும், சூட்டுப் பெட்டி ஆறும், முட்டைகள் கண்டிக் குளிரில் சாகும். ஊசி மருந்தில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் மிச்சம்.

"அப்ப எனக்கும் மீனுக்கும் ஒரே தலையா மிஸ்?" என்றேன், அவர் குரலிலேயே பேசிக்காட்டி.

நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஓம் தம்பி. ஆனா மீன் கதைக்காது."

இருமல்

ஆய்வுகூடத் தலைவரான ஹெட் சேர் சிங்களவர். வசனத்துக்கு வசனம் இருமுவார். அந்த இருமல் எனக்கு அல்வா. ஜெனரேட்டரைப் பார்க்கும் கெலிஓயா ஊர் ஹனீபா நானாவுக்கு (முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள்) பக்கத்து அறையிலிருந்து போன் போட்டு, சேர் மாதிரியே இருமி, "ஜெனரேட்டருக்குக் குடை பிடி" என்றேன். பிடித்தார். மழைகூட இல்லை. "அதைச் சுற்றி நடந்து பார்" என்றேன். நடந்தார். அடுத்த தடவை என் சிரிப்பு முந்திக்கொண்டது. (நீங்கள் பொறுங்கள்.) நானா என் காதைத் திருகினார்: "இனி அந்த இருமல் கேட்டா ஒன்னத்தான் ஏசுவேன்டா, பாத்துக்க."

கடைசி மருந்து

மிஸ் கடைசி மருந்தை ஏற்றிய மறுநாள் காலை டவுனில் திடீரென்று ஊரடங்கு. கரண்டும் போனது. ஹெட் சேர் கொழும்பில் மாட்டிக்கொண்டார். டீசலுக்குத் தட்டுப்பாடு; அவர் சொல்லாமல் தொடக் கூடாது, முந்தைய முட்டைகள் செத்ததும் அதனால்தான். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு நானா தொட்டார்; ஜெனரேட்டர் ஓடியது.

நான் பிளேன்டீ கொண்டு வந்தபோது நானா வாசலுக்கு முதுகு காட்டி நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். "நிப்பாட்டவா? நீ யாருடா சொல்ல? அந்த மீன் புள்ளைகளுக்குக் குளிருதுடா! இரும வேணாம், பொடியா, இரும வேணாம்!" வைத்தார். மறுபடி அடித்தது. எடுத்து, இன்னும் நன்றாக ஏசினார்.

உள்ளேயிருந்து மிஸ்ஸின் குரல் உடைந்து வந்தது: "ரெண்டு பட்டையும் தெரியுது! நானா, ரெண்டும் தெரியுது!"

நானா சந்தோஷமாகத் திரும்பினார். பிளேன்டீயோடு நின்ற என்னைப் பார்த்தார். கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தார். அது இருமியது.

"நீ இங்க நிக்கியென்டா... யா அல்லாஹ், நான் இவ்வளவு நேரம் ஏசினது யாருக்குடா?"

கோடிக்கணக்கான வருஷமாய் மாறாத ஒரு கட்டளையை மிஸ் கண்ணால் கண்ட அன்றே, போனில் வந்த ஐந்து நிமிஷக் கட்டளை ஒன்றை மீறியதற்கு நானாவும் நானும் ஹெட் சேருக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தோம்.