முழுசாய்ப் போட்டு முழுசாய் எடுக்கிற மிளகாய்

பாரிசின் லா சப்பலில் தில்லையம்பலத்தாரின் கைச்சமையலைச் சாப்பிடாதவர்கள் நிறையப் பேர். அவர் அதைப் பற்றி அளந்ததைக் கேட்காதவர் ஒருவரும் இல்லை. பிரெஞ்சு உணவகம் ஒன்றில் கோப்பை கழுவப் போய், முதுகு முறிய உழைத்துத் தலைமைச் சமையற்காரர் ஆனவர். பெரிய காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அதற்குப் பிறகு உலகத்தில் வேறொருவருக்கும் அடுப்பு மூட்டத் தெரியாது என்று மனுசன் நம்பத் தொடங்கினாரே, அங்கேதான் வினை பிடித்தது.

2014இல் அவருடைய மகள் யசோதினி, கபிரியேல் என்ற கரீபியன் குவாதலூப் தீவுப் பெடியனை விரும்பினாள். ஆர்ஜொந்தெய்க்குப் போகிற ரயிலை ஓட்டுகிறவன். நிரந்தர வேலை. அதே வேலையில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் இருந்திருந்தால், தில்லையம்பலத்தார் தட்டத்தோடு அவன் வாசலில் போய் நின்றிருப்பார். கபிரியேல் கறுப்பன் என்று சொல்ல அவருக்கு வாய் கூசியது. கூசாமல் என்ன செய்யும்? வெயிலில் நிறுத்திப் பார்த்தால் அவர்தான் இன்னும் ஒரு பிடி கூட. ஆகவே வேறு நியாயம் கண்டுபிடித்தார்.

"எங்கடை உறைப்பைத் தின்னேலாத குடும்பத்திலை என்னெண்டு பிள்ளையைக் குடுக்கிறது?" என்று தேநீர்க்கடையில் கூட்டாளி குலசேகரத்திடம் கேட்டார்.

"அண்ணை, அவையளும் நல்லா உறைப்புத் தின்னுற ஆக்கள்தானே?"

"சும்மா இரும் காணும். அது அவையள் உறைப்பெண்டு நினைக்கிறது."

யசோதினியோ, "அப்பா ஓம் எண்டு சொல்லாமல் நான் கலியாணம் எழுதமாட்டன்" என்று தாய் சாரதாதேவியிடம் சொல்லியிருந்தாள். அந்த ஒரு 'ஓம்' போதும். அதைத்தான் மனுசன் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கபிரியேலும் தாய் ஜிஸ்லேனும் பெண் கேட்டு வருவதாக இருந்தது. மாவுக்குள் இறைச்சி அடைத்த அவர்கள் ஊர்ப் பற்றிஸையே உறைப்பை அள்ளிப் போட்டுச் செய்து வைப்பது, தின்னமுடியாமல் அவர்கள் முழிப்பது, "சரிவராது" என்று மரியாதையாக வழியனுப்புவது. இதுதான் திட்டம்.

அப்பா மனம் மாறிவிட்டார் என்று நம்பிய பிள்ளை, ஜிஸ்லேனிடம் கேட்டறிந்த பக்குவத்தை ஆசையாக ஒப்புவித்தாள். மாவுக்கு மஞ்சள். இறைச்சிக்குத் தைம் இலையும் வெங்காயத்தாளும். அரைவட்டமாக மடித்து, முள்ளுக்கரண்டியால் ஓரத்தை அழுத்தி, எண்ணெயில் பொரிக்காமல் அவண் அடுப்பில் வேகவைக்க வேணும். தீவு மிளகாய் ஒன்றே ஒன்று. அதையும் காம்போடு முழுசாய்ப் போட்டு, வெடிக்க முன்னம் முழுசாய் எடுத்துவிட வேணும்.

"எடுக்கிறதுக்கு ஏன் பிள்ளை போடுவான்?" என்றார் தில்லையம்பலத்தார்.

சனி காலை வேலை இருந்ததால் வெள்ளி பின்னேரமே சட்டியை வைத்தார். மாடு வீட்டுக்குள் வராது, ஆகவே ஆடு. வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு விரதம், இறைச்சி வாயில் படாது. கையில் படலாம். "சட்டி வேறை, நாக்கு வேறை" என்பது அவருடைய சொந்தச் சித்தாந்தம். முருகன் இதுவரை ஆட்சேபித்ததில்லை.

குட்டித் தொப்பி போலச் சுருங்கிக் கிடந்த மிளகாய்களைப் பார்த்துச் சிரித்தார். பை முழுவதையும் விதையோடு அரிந்து கொட்டினார். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஓடியது. வெங்காயம் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டினார்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையிட்டைக் குடுத்தாவது உப்புறைப்புப் பாருங்கோவன்," என்றாள் சாரதாதேவி.

"எனக்கு மணமே போதும்!"

சனிக்கிழமை விருந்தாளிகள் வந்து இருந்தார்கள். தட்டு வந்தது. ஜிஸ்லேன் ஒரு பற்றிஸை முள்ளால் பிளந்தாள். உள்ளே விதையைக் கண்டதும், "ஐயோ, வேண்டாம்!" என்று பிரெஞ்சில் கத்தினாள். தில்லையம்பலத்தார் எங்கே கேட்டார்? எப்படித் தின்பதென்று காட்டுவதற்காக ஒன்றை முழுசாய் வாய்க்குள் தள்ளி, இரண்டு தரம் மென்றும்விட்டார்.

முதலில் காது கொதித்தது. பிறகு விக்கல். பிறகு தில்லையம்பலத்தார் என்ற பெரிய மனுசன் நாக்கை வெளியே போட்டுக்கொண்டு கையை உதறினார். வாரக்கணக்காக ஒத்திகை பார்த்த "சரிவராது" தொண்டைக்குள்ளேயே வெந்துபோனது. கபிரியேல் பதறி எழுந்து தண்ணீரை நீட்டினான்.

"தண்ணி குடுத்தால் இன்னும் எரியும்," என்று சாரதாதேவி தடுத்தாள். குசினிக்குள் போய் ஒரு கோப்பை மோரோடு வந்து அவர் முன்னால் நின்றாள். கோப்பை அவர் கைக்கு எட்டவில்லை.

"பிள்ளையை இந்தத் தம்பிக்குக் குடுக்கச் சம்மதமோ?"

அவர் மோரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இத்தனை வருசத்தில் அவள் இப்படி நின்று அவர் கண்டதில்லை.

"ஓமெண்டால் தலையை ஆட்டுங்கோ. எனக்கு ஒண்டும் அவசரமில்லை."

ஆட்டினார். வடிவாக, மேலும் கீழும், எல்லாரும் பார்க்க ஆட்டினார். பிறகுதான் மோர் கைக்கு வந்தது.

யசோதினி பிரெஞ்சில் சொல்லிக் கேட்ட ஜிஸ்லேன் அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். அவர் கண்ணால் தாரை தாரையாக வழிந்ததைக் கண்டு, மகளைக் குடுக்கிற தகப்பன் அழத்தானே செய்வார் என்று அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யசோதினி மட்டும் தாயைப் பார்த்தாள். சாரதாதேவி வெறுங்கோப்பையைக் கழுவக் கொண்டுபோனாள்.