நல்லம்மா வீட்டுக் கிணறு

குருநகர் கனிசியஸ் சங்கு குளிப்பவர். போரால் கடலில் இறங்கக் கூடாதென்று தடை வந்தபின் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, விறகு கொத்தியும் மூட்டை சுமந்தும் நாட்களை ஓட்டினார். தொண்ணூற்று மூன்றில் கார்த்திகை மழை கொட்டியபோது, அரியாலைக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் கடல்நீரைத் தடுத்து நின்ற மண்ணணை உடைந்தது. ஞாயிறு பூசை முடிவில் பங்குச் சுவாமியார் உதவிக்கு ஆள் கேட்டார். கனிசியஸ் எழுந்து நின்றார்.

"வீட்டிலை சும்மா இருக்க விசர் பிடிக்குது" என்று மனைவி யோசப்பினிடம் சொல்லிவிட்டு, மற்றவர்களோடு சைக்கிளில் போனார்.

வெள்ளம் வடிந்திருந்தது. வீடுகளுக்குள் முழங்கால் சேறு. வெங்காயத் தோட்டங்கள் அழுகி நாறின. சேற்றை வாரிவிடலாம், கிணறுகளுக்குள் கடல் புகுந்திருந்ததுதான் பெரிய இடி. அந்த ஒழுங்கையிலிருந்த வீடுகள் எல்லாம் குடிக்க அள்ளியது நல்லம்மா வீட்டுக் கிணற்றில். கணவன் இறந்தபின் தனியாக வெங்காயத் தோட்டம் செய்து பிழைத்தவர் அவர். இறைக்கும் மெசின் இருந்தது, மண்ணெண்ணெய்தான் இல்லை. ஆட்கள் கயிற்றைப் பிடித்து வாளியால் இறைத்தார்கள். ஆழத்துக்குப் பயமில்லாத கனிசியஸ் உள்ளே இறங்கி, செத்த கோழிகளையும் சேற்றையும் அள்ளி மேலே அனுப்பினார்.

"தம்பி, இவ்வளவு காணும். ஏறி வாங்கோ. உதடெல்லாம் நீலம் பாஞ்சுபோச்சு" என்றார் நல்லம்மா.

"இன்னும் கொஞ்சச் சேறுதான் அக்கா. அதையும் எடுத்துப்போட்டு வாறன்."

மறுநாள் கிணற்றில் தெளிந்த நீர் ஊறியிருந்தது. நல்லம்மா செம்பில் அள்ளிக் கொடுத்தார். கனிசியஸ் ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பி நீட்டினார். செம்பை வாங்கித் தானும் குடித்துப் பார்த்த நல்லம்மா, மிச்சத்தை மெதுவாக நிலத்தில் ஊற்றினார்.

திரும்ப இறைத்தார்கள். முன்னதைவிடக் கரித்தது. இன்னொரு முறை இறைக்கும்போது பக்கத்து வீட்டுத் தில்லைநாதன் கயிற்றை விட்டுவிட்டார்.

"இறைக்க இறைக்க அடியிலையிருந்து உவர்தான் ஏறுது. கடலை இறைச்சு முடிக்கேலுமோ?"

கொஞ்ச நாளில் குருநகரிலிருந்து வந்தவர்கள் குறைந்தார்கள். கனிசியஸ் மட்டும் வந்துகொண்டிருந்தார். வரும்போது சைக்கிளில் ஒரு கான் நல்ல தண்ணீரும் கொண்டுவருவார். நல்லம்மா அதில் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஒரு பாத்தி வெங்காயம் நட்டார். முளைத்த தாள்கள் நுனியிலிருந்து கருகி வந்தன. நிலத்திலும் உப்புப் பிடித்திருந்தது.

தை பிறந்ததும் நல்லம்மா அளவெட்டியிலிருந்த தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார்.

"அடுத்த மாரி பெஞ்சு உப்புக் கழுவுப்படும் அக்கா. பிறகு வரலாம்" என்றார் கனிசியஸ்.

"ஓம் தம்பி" என்றார் நல்லம்மா. நம்பிச் சொன்னதாகத் தெரியவில்லை. "நீங்களும் உடம்பைப் பாருங்கோ. உங்களுக்கு எங்களாலை ஒரு நேரச் சோறுகூடத் தர முடியேல்லை."

அவர் போனபின்னும் கனிசியஸ் சில நாள் அந்தக் கிணற்றை இறைத்தார்.

"ஆரும் இல்லாத வீட்டிலை ஆருக்கு இறைக்கிறியள்?" என்று யோசப்பின் கேட்டாள்.

"அந்த மனிசி வந்தால் குடிக்க வேணுமெல்லே."

அடுத்த மாரியும் பெய்தது. கனிசியஸ் ஒரு நாள் காலை போய்ப் பார்த்தார். தில்லைநாதன் வீடும் பூட்டிக் கிடந்தது. நல்லம்மா வீட்டுக் கிணற்றில் அள்ளிக் குடித்தார். உப்புச் சற்றுக் குறைந்திருந்தது. ஆனாலும் குடிக்கக்கூடிய தண்ணீராக இல்லை. கிணற்றடியில் படர்ந்திருந்த பற்றையை வெட்டி ஒதுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் அங்கே போகவில்லை.