பவளத்தின் குழிகள்

அரியலூர் கடைத்தெரு ஸ்டூடியோவில் படம் எடுப்பவர் சவரியார். முகங்களைத் திருத்துவது அவர் மனைவி இன்னாசிமேரி. ஊசிபோலச் சீவிய பென்சிலால் கண்ணாடி நெகடிவில் அம்மைத் தழும்புகளை ஒவ்வொன்றாக அடைப்பாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண்களின் படங்கள் அவள் கையைத் தாண்டித்தான் போகும். மகள் மரிய புஷ்பம் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கிய அன்று எடுத்த புதுநன்மைப் படத்தையும் அப்படித்தான் தழும்பில்லாமல் வழவழப்பாக்கியிருந்தாள். மறு வருஷம் காய்ச்சலில் புஷ்பம் போய்விட்டாள். சுவரில் மாட்டிய அந்தப் படத்தை இன்னாசிமேரி நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

யுத்த காலம், நெகடிவ் கண்ணாடி கிடைப்பது அரிதாயிருந்தது. திருச்சியில் கல்லூரி ஆசிரியராயிருந்த வைத்திலிங்கம் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்தில் அகப்பட்டது. இந்தப் பக்கமெல்லாம் கடலாயிருந்த காலத்துப் பவளம், கல்லாகி இறுகியிருந்தது. சாய்ந்த வெயிலில் வைத்துச் சவரியார் ஒரே ஒரு படம் எடுத்தார். ஆசிரியர் கல்லை எடுத்துப்போய், உள்ளமைப்பைப் பார்ப்பதற்காக ஏடு ஏடாகத் தேய்த்தார்.

படம் வாங்க வந்த ஆசிரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இதுல இருந்த குழியெல்லாம் எங்கேம்மா?”

“அம்மைத் தழும்பாட்டம் இருந்துச்சுங்க சார். நல்லாருக்கட்டுமேன்னு அடைச்சுட்டேன்.”

“கல்லுக்கு என்ன, மாப்பிள்ளையா பாக்குறாரு?” என்றார் சவரியார். யாரும் சிரிக்கவில்லை.

“ஒவ்வொரு குழியிலயும் ஒரு உயிர் இருந்துச்சும்மா. உள்ள சக்கரத்து ஆரம் மாதிரி கோடு ஓடும். அத எண்ணித்தான் என்ன பவளம்னு சொல்லணும். கல்லு தேஞ்சே போச்சு. இனி இந்த நெகடிவ் ஒண்ணுதான்.”

பென்சில் தடம் நெகடிவின் மேல் பூசிய வார்னிஷில்தான் நிற்கும். ஆனால் அழுத்தித் துடைத்தால் அடியிலுள்ள படமும் கீறிவிடும். வார்னிஷைக் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்த பஞ்சை இன்னாசிமேரி மூச்சை அடக்கிக்கொண்டு ஒற்றினாள். குழிகள் மெல்லத் திறந்தன. ஆசிரியர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

“இருக்கும்மா,” என்றார். உதட்டுக்குள் கோடுகளை எண்ணத் தொடங்கினார்.

அவர் போனதும் அவள் பெட்டியிலிருந்து இன்னொரு நெகடிவை எடுத்தாள்.

“அதுலயும் கை வைக்கப் போறியா?”

“இது நம்ம புள்ள மாதிரியே இல்லங்க.”

சவரியார் டர்பன்டைன் புட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

புதிதாக அச்சிட்ட தாள் தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் மிதந்தது. புஷ்பத்தின் மூக்கோரத்தில் முதல் தழும்பு தெரிந்தது. பிறகு கன்னத்தில், நெற்றியில். இன்னாசிமேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். சவரியார் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த படத்தை ஆணியிலிருந்து கழற்றினார்.