பருப்புச் சட்டியில் விழுந்த ரிஜெக்ட்

மூக்கண்டப்பள்ளி கண்ணாடிக் கம்பெனியில் ஜெயசெல்வி தேர்ச்சி கொடுக்காமல் ஒரு சாமானும் பெட்டிக்குள் போகாது. சோதனைக் குழாயும் குடுவையும் அங்கே பாதி வேலை. மீதி, வெளிநாட்டுக்குப் போகிற செக்ஸ் டாய். அந்தரங்கச் சுகத்துக்கான வழவழப்பான கண்ணாடித் தண்டுகள். கொதிநீரில் போட்டு எடுத்துக் குளிர்நீரில் முக்குவாள். பஞ்சை மேலே இழுப்பாள். இழை மாட்டினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது. சூளையில் சரியாக ஆறாத கண்ணாடியைச் சோதனை விளக்கில் பிடித்தால் உள்ளே வானவில் ஓடும். பார்வைக்குப் பளபளக்கும், ஒரு தட்டுக்குத் தாங்காது.

"உடம்புக்குள்ள போற பொருளு. வாங்குனவங்க வெக்கப்பட்டுக்கிட்டு கம்ப்ளெயிண்ட் பண்ண மாட்டாங்க. நாமதான் பண்ணணும்" என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்வாள்.

வீட்டில் மட்டும் அவளுக்கு வெட்கம். சர்ச்சில் பாட்டுக் குழுவின் முன்வரிசைக்காரியான அவள், "லேப் சாமான், சுடுதண்ணிக்கெல்லாம் உடையாது" என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மை தெரிந்தவன் கணவன் பாக்கியராஜ் ஒருவன்தான்.

புதியவர்களுக்குக் காட்ட வைத்திருந்த வானவில் ஓடும் ரிஜெக்ட் தண்டு ஒன்று, ஒருநாள் அவளுடைய கோட்டுப் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. மறுநாள் வேலை முடிந்து வந்தவள் சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். நாத்தனார் டெல்சி அதை வைத்துச் சுடச்சுடப் பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள்.

"கோட்டு தொவைக்கறப்ப கெடைச்சுது அண்ணி. சோப்பு போட்டு நல்லாத்தான் கழுவுனேன். என்னா வாட்டமா இருக்குது, பருப்பு வெண்ணெயா மசியுது. பக்கத்து வீட்டு ஜோதியம்மாக்கா கூடத் தனக்கு ஒன்னு வேணும்னாங்க. நீங்க நாலா எடுத்துட்டு வருவீங்கன்னு சொல்லிட்டேன்."

ஜெயசெல்வி அடுப்பை அணைத்தாள். தண்டை வாங்கிக் கழுவித் துடைத்துப் பஞ்சை இழுத்தாள். நுனியில் இழை மாட்டிக்கொண்டது.

"சாப்ட்டியா?"

"இன்னும் உப்புக்கூடப் பாக்கல."

"பருப்பக் கொட்டு. சில்லு விழுந்திருக்குது."

"லேப் சாமான் உடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க? ஒரு படி பருப்பு அண்ணி. வடிகட்டிக்கலாம்."

கண்ணாடிச் சில்லை வடிகட்டியை நம்பி விடுவதா? ஜோதியம்மாளுக்கு வேறு நாலு தண்டு போக வேண்டுமா? ஜெயசெல்வி ஜன்னலைச் சாத்தினாள். "டெல்சி, அது லேப் சாமானே இல்ல" என்று தொடங்கி, தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

டெல்சி சட்டியைப் பார்த்தாள், தண்டைப் பார்த்தாள், கடைந்த தன் கையைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ அண்ணி, ஜோதியம்மாக்கா அதைத் தடவித் தடவிப் பாத்தாங்களே."

ஜெயசெல்விக்கும் சிரிப்பு பீறிட்டது. பருப்பைக் கொட்டும்போது அரிசி நொய் அளவுக்கு ஒரு சில்லு மின்னியது.

"அப்ப நல்லதும் இப்பிடித்தான் உடையுமா?" டெல்சி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தேறுனது உடையாது. சோப்புல கழுவலாம், அழுக்கு உள்ள இறங்காது. கீழ விழுந்தா மட்டும் பஞ்சு இழுத்துப் பாக்கணும். மாட்டுச்சுன்னா தூக்கிப் போட்டுடணும்."

டெல்சி கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்த பாக்கியராஜ், "பருப்பு எங்க?" என்றான்.

"ரிஜெக்ட் ஆயிடுச்சுண்ணா. அண்ணி டெஸ்ட் பண்ணாங்க" என்றாள் டெல்சி. "உனக்கு இத்தனை நாளும் தெரியும்தான?"

பாக்கியராஜ் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.