பின்சீட்டில் படிந்த மூச்சு

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மோகனூர் கோகிலவாணியின் வலது கையில் பதினொரு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. அது பொய் சொல்லாது. நடந்தது போன வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி இல்லை. பட்டப்பகல்.

கோகிலவாணி நாமக்கல்லில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வண்டிப் பாடம் நடத்துகிறவள். புருஷன் அறிவுக்கு ரயில்வே வேலை. சூரமங்கலம் குவார்ட்டர்ஸில் தங்கி, லீவு கிடைத்தால் வந்துபோவான். பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கித் தன் கையாலேயே சரிசெய்து ஓட்ட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஜேடர்பாளையத்தில் வேலுசாமி என்பவரிடம் ஒன்று அமைந்தது. எட்டு வருஷம் ஷெட்டில் நின்ற வண்டி. ஏன் நின்றது என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆறு மாதத்தில் இஞ்சினைப் பிரித்துக் கோத்து ஓடவைத்துவிட்டாள். ஆனால் ஸ்டார்ட் ஆவதற்குள் உயிரை வாங்கியது. இஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பழைய பாயிண்ட் செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிட்டால் அந்தத் தொல்லை தீரும். அன்றைக்கு அந்த வேலைதான்.

வீட்டை ஒட்டி ஒரு சின்ன ஷெட். ஒரு கார் நுழைந்தால் பக்கத்துக்கு ஓராள் ஒடுங்கி நடக்கத்தான் இடம். பின்பக்கம் ஷட்டர். கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஷீட். வெளிச்சம் அது வழியாகத்தான்.

மணி 2.10. ஷட்டரை முழுசாக ஏற்றிவிட்டாள். பானட்டைத் தூக்கி நிறுத்தினாள். முதல் வேலையாகப் பேட்டரி ஒயரைக் கழற்றினாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். பிறகு பிளக் ஒயர்களைப் பிடுங்கி, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை முழுசாக வெளியே எடுத்தாள். அது இல்லாமல் இஞ்சின் ஓடாது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. உட்கார்ந்து அதற்குள் புது இக்னிஷனை மாட்டலாம் என்று அதைத் துணியில் சுற்றிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

2.35. காற்று இல்லை. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. 'டக்.'

சாய்வாக நிற்கிறது போல என்று நினைத்தாள். வேலையில் கண்ணாக இருந்தாள்.

2.40. தலையை நிமிர்த்தி உள்கண்ணாடியில் பார்த்தாள். பின்பக்கக் கண்ணாடி மங்கலாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள். பனி படிந்திருந்தது... மே மாத வெயிலில்.

அதுவும் உள்பக்கமாக. ஒரு தட்டு அகலத்துக்கு. யாரோ கண்ணாடிக்குப் பக்கத்தில் வாயை வைத்து மூச்சு விட்டது போல.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் பெரிதாகியது. சுருங்கியது. மறுபடி பெரிதாகியது.

இறங்கிவிடலாம் என்று கைப்பிடியை இழுத்தாள். கதவு அசையவில்லை. எதிர்க் கதவுக்குத் தாவினாள். அதுவும் இல்லை. கண்ணாடியை இறக்கும் கைப்பிடி சும்மா சுற்றியது.

கிர்ர்ர்ர்...

ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல். கடைசி வெயில் கோடும் தரையோடு மறைந்தது.

முன்னால் தூக்கி நின்ற பானட். பின்னால் பனி. இரண்டு பக்கமும் சுவர். செல்போன் வெளியே மேசை மேல்.

2.46. இஞ்சின் ஸ்டார்ட் ஆனது.

டிஸ்ட்ரிபியூட்டர் அவள் மடியில் இருந்தது. பேட்டரி ஒயர் கழன்று கிடந்தது. ஆனாலும் ஓடியது... ஒரு தடங்கலும் இல்லாமல். அவள் கையில் ஒருநாளும் அப்படி ஓடியதில்லை.

புகை நாற்றம் வந்தது. இஞ்சின் புகை மூடிய அறையில் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் தலைவலி. அப்புறம் கை கால் துவளும். அப்புறம்...

ஹாரனை அமுக்கினாள். சத்தமில்லை. கத்தினாள். இஞ்சின் சத்தம் அதை விழுங்கியது.

கை கனத்தது. கண் செருகியது.

அப்போது காதுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில், ஒரு பெண் குரல்.

"பதறாதீங்க சாமி. கொஞ்ச நேரத்துல தூக்கம் வந்துருமுங்க."

அன்பான குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

"கண்ண மூடிக்கோங்க."

பிடரியில் மூச்சு பட்டது. ஜில்லென்று.

அவள் திரும்பவில்லை.

மடியில் இருந்ததை இரண்டு கையாலும் எடுத்தாள். ஜன்னல் கண்ணாடியில் இடித்தாள். ஒன்று.

"வேண்டாமுங்க..."

இரண்டு.

"வேண்டாமுங்க சாமி..."

மூன்று.

கண்ணாடி சிதறியது.

இஞ்சின் நின்றது.

பக்கத்து வீட்டு மாரியப்பன் ஷட்டரைத் திறந்தபோது மணி 2.58. உள்ளிருந்து யாரோ தட்டும் சத்தம் கேட்டு வந்திருக்கிறார். ஒற்றைக் கையால் தூக்கினாராம், லேசாக ஏறிவிட்டதாம். உடைந்த ஜன்னல் வழியாக ஊர்ந்து வெளியே வந்த கோகிலவாணி கையில் ரத்தம் வழிய ஷட்டரை ஒட்டிக் கிடந்தாள். ஷெட்டில் புகையே இல்லை என்கிறார். வண்டி ஓடும் சத்தமும் கேட்கவில்லையாம். பானட்டுக்குள் கைவைத்துப் பார்த்திருக்கிறார். இஞ்சின் சில்லிட்டுக் கிடந்திருக்கிறது.

ஆனால் நாமக்கல் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், புகை நன்றாக ஏறியிருக்கிறது, இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் கஷ்டம் என்றார். சூரமங்கலத்திலிருந்து ஓடிவந்த அறிவு எந்த வண்டிப் புகை என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

நாலாம் நாள் தையல் போட்ட கையோடு வேலுசாமிக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னார். தன் தங்கை சரிதா எட்டு வருஷத்துக்கு முன் அந்த வண்டிக்குள்தான் செத்துப்போனாள் என்றும் சொன்னார். போன் பேச அதில் போய் உட்காருவது அவள் வழக்கமாம். அன்றைக்குக் கதவு திறக்கவில்லை. புகை ஏறிச் செத்ததாகத்தான் டாக்டர் எழுதியிருக்கிறார்.

"ஆனா அம்மிணி, அப்ப அந்த வண்டியில இஞ்சினே இல்லீங்க. எறக்கி வேலைக்குக் குடுத்திருந்தமுங்க."

அப்படியானால் தன்னிடம் பேசியது அவர் தங்கைதானா என்று கோகிலவாணி கேட்டாள்.

"இல்லீங்க" என்றார் வேலுசாமி. "அன்னிக்கு வண்டிக்குள்ள இருந்து சரிதா எனக்குப் போன் பண்ணா. அண்ணா, பின்சீட்டுல ஒரு பொம்பள உக்காந்திருக்குது, என்னயத் தூங்கச் சொல்லுதுன்னா."